அரை விரல்

நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால்
கணீரென்று பதில் வரும்.
இது தவிட்டு மூட்டைபோல் தொப்பென்றது.
ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன்.
அப்புறம் விரலால்.
விரல் உள்ளே போய்விட்டது.

எழுபத்து நான்காம் வருடத்து டட்சன் பிக்கப்.
விற்றவர் இரண்டு கோட் பச்சை அடித்து
கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டை தொங்கவிட்டிருந்தார்.
அதையும் தாண்டி மீன் மணந்தது.
தெலுக் பாஹாங் கரையிலிருந்து சந்தைக்கு
இருபது வருடம் ஐஸ் பெட்டி சுமந்த வண்டி.
உருகிய தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி
அடிச்சட்டத்தின் நீண்ட இரும்புக்குள் புகுந்து
வெளியேறும் துளையைச் சேறு அடைத்திருக்க
அங்கேயே தங்கிவிட்டது,
உப்பும் அதுவுமாக.

"ஒட்டுப் போட்டுடலாமா?"

பாக்கியவதி வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
பெராயில் பதினொரு வருடம் எண்ணெய்க் குழாய் ஒட்டியவள்.
"எதோட ஒட்ட, காத்தோடயா?
ஒட்டுக்கு இந்தப் பக்கமும் இரும்பு வேணும்,
அந்தப் பக்கமும் வேணும்."
மணிக்கு அறுபது வெள்ளி அவள் கூலி.
இந்தப் பேச்சுக்கு மட்டும் வாங்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை
பதினேழு வருடத்துக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த பணம்
மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.
உமையாள் போனில் சொன்னாள்:
"குளியலறைக் கதவும் அடியில அரிச்சுக் கெடக்கு.
லோரி முடிஞ்சதும் அதையும் கொஞ்சம் பாரு."

புக்கிட் மெர்தாஜாம் பழைய இரும்புக் கடை.
லாலாங் புல்லுக்குள் அதே ரகத்தில் இன்னொன்று.
டுரியான் மரம் விழுந்து கேபின் அப்பளமாகியிருந்தது.
சட்டத்தில் ஒரு கீறல் இல்லை.
எனக்குக் கால் இல்லை, அதற்குத் தலை இல்லை.
இரண்டாயிரத்து எண்ணூறு என்றார் ஆ செங்.
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது.
மரம் விழுந்தபோது உள்ளே ஆள் இருந்தாரா?
ஆ செங் டீயை ஊதினார்.
மூன்று தடவை ஊதினார்.
நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

போக்குவரத்து இலாகாவில் நம்பர் தகராறு.
வண்டியின் அடையாள எண்ணைச்
சட்டத்தில்தான் கொத்தியிருக்கிறார்கள்.
கார்டில் ஓர் எண், இரும்பில் வேறோர் எண்.
ரசீது, கடிதம், நான்கு பக்கப் புகைப்படம்,
எல்லாவற்றையும் புரட்டிவிட்டு
பூவான் ரொஹைசான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"சரி, இதில் எந்த வண்டி உங்கள் வண்டி?"
எதைச் சொன்னாலும் பாதி பொய்.
"பச்சை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஞாயிறு. மாக் மண்டின் பட்டறை.
சங்கிலியில் பச்சைக் கேபின் தொங்குகிறது
கசாப்புக் கடை ஆடு மாதிரி.
கீழே கறுப்புச் சாயம் பூசிய புதுச் சட்டம்,
புதிது என்றால் எங்களுக்குப் புதிது.
பக்கத்துப் பட்டறை ஃபைசால் சங்கிலியை இழுக்க
அங்குலம் அங்குலமாக இறக்கினோம்.
ஆறு போல்ட்டில் ஐந்து உட்கார்ந்தன.
ஆறாவது துளை
அரை விரல் தள்ளி நிற்கிறது.

கடப்பாரை வைத்து நெம்பினேன்.
ஃபைசால் பக்கவாட்டில் ஒரு உதை விட்டான்.
பாக்கியவதி அடியில் படுத்து டார்ச் அடித்தாள்.
"சட்டம் நேராத்தான் இருக்கு.
உன் கேபின்தான் பழைய சட்டம் வளைய வளைய
சேர்ந்து வளைஞ்சிருக்கு.
இப்ப நேரா ஒண்ணக் கொடுத்தா
அதுக்கு உட்காரத் தெரியல."

"எதை நிமிர்த்தறது?"

"எதையும் வேணாம். துளையை இழுத்துக்கலாம்."

அரம் எடுத்து ஒரு மணி நேரம் ராவினாள்.
பகான் பக்கம் வானம் கறுத்தது.
போல்ட் இறங்கியபோது யாரும் கைதட்டவில்லை,
ஃபைசால் ஏற்கெனவே சாப்பிடப் போயிருந்தான்.
அவள் மட்டும் இன்னும் படுத்திருந்தாள்,
சட்டத்தின் மேல் விழுந்த ராவுத் தூளை
பழைய பனியனால் ஒற்றி ஒற்றி எடுத்தபடி.
"விட்டா ராத்திரிக்கே துருவாயிடும்.
இன்னொரு துணி கொடு,
இது ஈரம்."