கல் வந்த ஆண்டு

கற்பாசி அவசரப்படாது.
ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்,
அதுவும் மனம் வந்தால்.
அதை நம்பித்தான் இறங்கினேன்.
பனியாறு எந்த ஆண்டு
இந்தப் பாறையைக் கைவிட்டுப் போனதென்று
பாறை சொல்லாது, பாசி சொல்லும்.

பாசிக்கு வயது கணிக்க
தேதி வெட்டிய கல் வேண்டும்.
ஐஸ்லாந்தின் இந்தக் கிழக்குக் கரையில்
தேதி வெட்டிய கற்கள்
கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான்.

யோருன், இரண்டரை வயது, 1893.
அவள் பெயரை மூடிக்கொண்டு
மஞ்சளும் பச்சையுமாய் ஒரு வட்டம்.
காலிப்பரை வைத்தேன்: அறுபத்தொன்று.
மறுநாள் மழை.
அதே வட்டம், அதே கை: அறுபத்தொன்றரை.
நனைந்தால் பாசி உப்பும் என்பதை
ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரியாக்கினேன்.
குளிரில் என் விரல் மரத்திருந்ததை
எழுதவில்லை.

ஆற்றுக்கு அப்பால் இன்னொரு தோட்டம் உண்டு.
பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது.
ஜீப்புக்கான பணமும் தீர்ந்திருந்தது.
'மாதிரியில் சேர்க்கப்படவில்லை.'
எவ்வளவு கண்ணியமான வாக்கியம்!

முப்பத்தேழு கற்கள், ஒரு வளைகோடு.
மதிப்பாய்வாளர் இருவரில் ஒருவர்
காற்புள்ளிகளைத் திருத்தினார்.
மற்றவர் தம் கட்டுரைகள் மூன்றைச்
சுட்டச் சொன்னார். சுட்டினேன்.
அச்சேறிற்று.

இரண்டு கோடை கழித்து
அங்கே புல்வெட்டும் ஹல்பேரா
எந்திரத்தை அணைக்காமலே கத்தினாள்:
"அந்தக் கல்லா? அது பதினோரு வருஷம் பிந்தி வந்தது.
குழந்தை போனப்போ அவங்ககிட்ட ஏது காசு?
தேவாலயக் கணக்குல இருக்கு, போய்ப் பாரு."

இருந்தது.
1904. கல்லின் விலை, வெட்டுக்கூலி,
கப்பல் சத்தம்,
பாக்கி நாலு குரோனா.
அதுவரை அங்கே
ஒரு மரச்சிலுவை நின்றிருக்க வேண்டும்.
அதில் வளர்ந்த பாசியை
யாரும் அளக்கவில்லை.

என் கோட்டின் நுனியிலிருந்த கல் அது.
நுனி நகர, மொத்தக் கோடும் சாய்ந்தது.
நான் சொன்ன ஆண்டில்
பனியாறு கிளம்பவே இல்லை.
திருத்தம் அனுப்பினேன்.
நாலு வரி, பின்பக்கத்தில் போட்டார்கள்.
முதல் கட்டுரையைத்தான்
இன்னமும் சுட்டுகிறார்கள்.

மீதி முப்பத்தாறு பேரில்
எத்தனை பேர் வீட்டில்
கல் வாங்க உடனே காசிருந்தது?
கணக்கேடுகள் பாதி தீயில் போயின.
மீதி நனைந்து ஒட்டிக்கொண்டு
பிரித்தால் கிழிகின்றன.
என் அட்டவணையில்
கடனுக்கென்று ஒரு கட்டமில்லை.

இப்போதெல்லாம் எண்களுக்குப் பின்னால்
அந்தக் குறியைக் கையாலேயே போட்டுப் பார்க்கிறேன், ±
தரையாக ஒரு கோடு,
அதன்மேல் நட்ட சின்னச் சிலுவை.
அதற்கு வலப்பக்கம் எவ்வளவு எழுதுவது?
ஐந்தா, ஏழா?

ஏழு என்று எழுதிவிட்டு
காலிப்பரைத் துடைத்து உறையிலிட்டேன்.
வெளியே தூறல்.
யோருனின் வட்டம் இந்நேரம்
கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.