ஏத்தத்துக்கு ஒரு கியர்

மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
துருப்பிடிக்காத செயின்.
நிற்கும்போதும் எரிகிற லைற்.
சந்தியில் நான் நின்றால் டைனமோவும் நின்றுவிடுகிறது,
லொறிக்காரனுக்கு நான் இல்லாமல் போகிறேன்.
மான்களுக்குக் கேட்கிற பெல்.
கோட்டைப் பக்கம் அவை வீதியின் நடுவே படுத்துக்கொண்டு
யாரோ தேத்தண்ணி கலக்குகிற சத்தமென்று
காதை மட்டும் திருப்புகின்றன.
சீற்றைப் பற்றி எழுதவில்லை.
பில் கிடக்கிற மேசையில்தான் அப்பாவும் சாப்பிடுவார்.

உப்புக்காற்று இந்த ஊரில் எதையும் சும்மா விடாது.
வாங்கி மூன்றாம் மாதம்
மட்காட்டின் விளிம்பில் தேமல் மாதிரித் தொடங்கும்.
எண்ணெய் பூசலாம்,
பூசினால் கடற்கரை மணல் வந்து ஒட்டும்.

பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டேன், ஒரு விசர்தான்.
கச்சான் விற்கிற குலவீரசிங்கம் அண்ணை
ஆடி முழுக்கக் கச்சானுக்கு எதிரே உழக்குகிறவர்:
"காத்தை மாத்தித் தா பிள்ளை, சைக்கிள் கிடக்கட்டும்."
கிண்ணியாப் பாலம் கடந்து மீன்பெட்டியோடு வருகிற
ஹனீபா நானாவுக்குக் கரியர் ஒரு சாண் நீளவேண்டும்,
ஐஸ்தண்ணி முதுகை நனைக்காமல்.
ரியூசனுக்குப் போகிற நிதுசனுக்குக்
கரியரே வேண்டாம்,
இருக்கிறவரை தங்கச்சியை ஏற்றச் சொல்லுவினமாம்.
உப்புவெளியில் ஒரு வெள்ளைக்காரன்
தன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.
இதில் எதை மாற்றுவாய் என்றேன்.
யோசிக்காமல் சீற்றைத் தட்டினான்,
தன் பின்புறத்தையும் தடவிக்கொண்டான்.
அவனோடு வந்தவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

எனக்கு உண்மையில் வேண்டியது கியர்.
விலை தெரியும், அதனால் பில்லில் எழுதவில்லை.
அன்புவழிபுரத்திலிருந்து உவர்மலை அடிவாரம்வரை
என் லுமாலா என்னைச் சுமக்கும்.
அந்த வளைவிலிருந்து கந்தோர் வாசல்வரை
நான் அதைத் தள்ளுவேன்,
பக்கத்தில் தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு கமலநாயகி.

ஆவணியில் சீட்டு விழுந்தது.
நஸீர்தீன் கடையில் ஏழு பல்சில்லு.
"இந்தக் காசுக்கு இன்னொரு சைக்கிளே எடுக்கலாம் தங்கச்சி"
என்று சொல்லிச் சொல்லியே பூட்டினார்.

திங்கட்கிழமை வளைவில் நான் இறங்கவில்லை.
பெருவிரலால் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு.
செயின் பெரிய பல்லில் ஏறி உட்கார்ந்தது
முழங்காலுக்குத் தெரிந்தது.
"அடியேய்" என்ற கமலநாயகியின் குரல்
பின்னால் எங்கோ நின்றுவிட்டது.
மேலே வந்து திரும்பினால்
துறைமுகம் முழுக்க எனக்கு மட்டும்,
ஒரு கப்பல், அதன் புகை, எல்லாம்.
கந்தோர் பூட்டியிருந்தது.
காவலாளி தேத்தண்ணிக்குப் போயிருந்தான்.
ஏழு நிமிடம்.

வெள்ளி பின்னேரம் அவள் பாதியில் விட்ட கதை:
புருசன் காணிக்காரனிடம் கதைக்கப் போனது.
மிச்சம் திங்கள் சொல்லுறன் என்றாள்.
அது ஏத்தத்தில் சொல்லவேண்டிய கதை,
மூச்சு வாங்கி வாங்கி,
யாரும் இல்லாத அந்த மதில் ஓரத்தில்.
மேலே வந்து சேர்ந்தவள் முகத்தைத் துடைத்தாள்.
"காணி சரிவரேல்லை."
அதற்குள் யாரோ கோப்பைத் திறந்துவிட்டார்கள்.

நஸீர்தீன் சொல்லித்தராத ஒன்றைச்
செவ்வாய்க்கிழமை நானாகக் கண்டுபிடித்தேன்.
ஆகக் குறைந்த கியரில்
நடக்கிறவளின் வேகத்தில் சைக்கிள் ஓடலாம்.
கால் காற்றாடியாய்ச் சுற்றும்,
சில்லு நகர யோசிக்கும்,
காண்டில் வெறிகாரன் மாதிரி அங்கும் இங்கும்.

"இறங்கி நடவன்டி விசரி,
என்ர காலில ஏத்தப்போறாய்."

"நீ சொல்லு. காணிக்காரன் என்ன சொன்னவன்?"

சொன்னாள். மதில் முடியுமட்டும் சொன்னாள்,
முடிந்தபிறகும் நின்று சொன்னாள்,
நான் ஒரு காலை ஊன்றிக்கொண்டு.

இரவு பில்லைத் தேடி எடுத்தேன்.
அப்பா பார்த்தால் பார்க்கட்டும்.
பெரிய எழுத்தில்: சீற்.