பதினோராம் நாள் வளையம்

ஆலைச் சங்கு காலை ஆறுக்கு ஊதும்.
கொஞ்சம் பொறுத்து
சுண்ணாம்புக் குன்று அதையே
மங்கலாகத் திருப்பிச் சொல்லும்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிவிடலாம்.

சுங்கை சிப்புட், குணாளன் டயர் கடை மாடி.
மடிக்கணினியில் நான் பார்த்துக்கொண்டிருப்பது
பதினோரு நாளுக்கு முன்பு நம் பக்கம் சீறி அடங்கிய
ஒரு நியூட்ரான் நட்சத்திரம்.
இங்கிருந்து கோலகங்சார் வரைக்கும்தான் அதன் அகலம்.
சூரியனைவிடக் கனம்.
பெயர் கிடையாது.
சாக்கு மூட்டைக்குப் போடுவதுபோல் ஓர் எண்.

நேராக வந்த எக்ஸ் கதிர்
அன்றே விண்கலத்தின் கண்ணாடியைத் தொட்டது.
அன்றோடு சரி, அடுப்பு அணைந்தாயிற்று.
ஆனால் சற்றே விலகிக் கிளம்பிய கதிர்
வழியில் தூசியில் இடறி
லேசாக, மிக லேசாகத் திரும்பி
சுற்றுவழியில்
இப்போதுதான் வந்து சேர்கிறது,
வளையமாக.

மூன்று வளையம். மூன்று தூசிமேகம்.
பெரியது நமக்குப் பக்கத்து மேகம்,
சிறியது அதற்குப் பக்கத்து மேகம்.
நாளுக்கு நாள் விரிகின்றன,
விரிய விரிய வெளிறுகின்றன.
எவ்வளவு பிந்தியது என்று தெரிந்தால்
எவ்வளவு தொலைவு என்று சொல்லிவிடலாம்.
என் வேலை அவ்வளவுதான்.

செவ்வாய் இரவு
நாலாவது வளையம் தெரிந்தது.
மெலிசாக, இடது ஓரத்தில் மட்டும்.
கை நடுங்கிற்று.
இத்தாலியில் இருக்கும் ஃபியோரெல்லாவுக்குக் கடிதம் அடித்தேன்,
ஆச்சரியக்குறி வேறு, இரண்டு.
அனுப்பவில்லை. அதற்குள் குணாளன் மேலே வந்தார்,
வாடகை ரசீதும் கையில் பீசாங் கோரேங் பொட்டலமுமாக.
"என்னம்மா, கண்ணாடியெல்லாம் எண்ணெய்?"
சட்டை நுனியால் ஒரு துடைப்பு.

நாலாவது மேகம் அவர் சட்டையில் இருக்கிறது.

சிரித்தேன்.
பிறகு ஆச்சரியக்குறியிலிருந்து தொடங்கி
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

"தூசியப் படம் புடிச்சு என்னா செய்வீங்க?"
கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.
பதில் தேடிச் சன்னலைப் பார்த்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்குத் திரும்பியது.
முகப்பு விளக்கைச் சுற்றி
பூசணி அளவுக்கு ஒரு மஞ்சள்.
விளக்கு எங்கே என்று தெரியவில்லை.
தூசி எங்கே என்று தெரிந்தது.
"அதோ" என்றேன்.
அவர் பின்சக்கரத்தைப் பார்த்தார்.
"காத்து கம்மி" என்றார்.
படியிறங்கிப் போனார்.

அடுத்த படம் வெள்ளிக்கிழமை.
அதற்குள் பெரிய வளையம்
கருவியின் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும்.
சின்னது மட்டும் மிஞ்சும்,
அதுவும் இந்நேரம் பாதி வெளிறி.
என் தூரக் கணக்கில் பத்து சதவீதம் பிழை இருக்கலாம்.
அதையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

சங்கு ஊதுகிறது.
முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
குன்றுக்குக் காதைக் கொடுத்து நிற்கிறேன்.
சட்டி காய்கிறது.