கூட்ஸ் வண்டிக்குப் பிறகு

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்தான்
என் வேலை தொடங்கும்.
கூட்ஸ் பெட்டிகளை எண்ணுவேன்.
ஒற்றைப்படை என்றால் தலை,
இரட்டைப்படை என்றால் உடம்பு.
எண்ணிக்கை தவறினால் களிமண்ணைத் தொடுவதில்லை:
ஈரத்துணியைப் பிரித்து, நனைத்து,
மறுபடி போர்த்திவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவேன்.

யாரும் சொல்லித் தந்ததில்லை.
கல்லூரியில் ஐந்து வருஷம்
விகிதம் படித்தேன், நிழல் படித்தேன்,
சாந்து இறுகும் நிமிஷக் கணக்கும் படித்தேன்.
கை நடுங்கினால் என்ன செய்வதென்று
பாடத்தில் இல்லை.

ரேணுகையை மகன் வெட்ட வந்தபோது
குறுக்கே விழுந்து கட்டிக்கொண்டவள் ஒருத்தி.
அவளையும் சேர்த்தே வெட்டினான்.
உயிர் திரும்பிய அவசரத்தில்
தலைகள் மாறிப்போயின.
அந்தக் குறுக்கே விழுந்தவளோடுதான்
மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறேன்.

அவளுக்கு உடம்பு தந்தவள் டெய்சிராணி,
காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள்.
கழுத்திலிருந்து இடுப்புவரை
எண்ணெய் தடவி நிறுத்தினேன்.
உத்தரியத்தைக் கழற்றச் சொன்னதும்
கீழே வைக்க மனமில்லாமல்
பல்லில் கவ்விக்கொண்டாள்.
அரைமணி நேரம் பேச்சில்லை.
சாந்து சூடேறும்போது மட்டும்
கண்ணை விரித்துப் பார்த்தாள்.

அச்சைப் பிரித்த பிறகு கேட்டாள்:
"யார் தலய வெக்கப் போற?"
கதையைச் சொன்னேன்.
"வெட்டுனவன இன்னா பண்ணாங்க?"
அவனையும் கும்பிடுகிறோம் என்றேன்.
கையிடுக்கில் ஒட்டிய சாந்தைச் சுரண்டியபடி,
"ஒரு நாளைக்கு எத்தினி தல வெட்றேன்.
தலயும் ஒடம்பும் தனித்தனி கவர்ல போட்டாலும்
ஒருத்தர் வூட்டுது இன்னொருத்தர் வூட்டுக்குப் போனதில்ல.
அவசரமாம், அவசரம்."

நுங்கம்பாக்கத்திலிருந்து போன் வந்தது.
காட்சிக்கு நூறு சொல்லில் குறிப்பு வேண்டுமாம்,
'தொன்மம்' என்ற வார்த்தை இருந்தால் நல்லதாம்.
பெட்டி எண்ணுவதை எழுதினேன், அடித்தேன்.
கவரைப் பற்றி எழுதினேன்,
அடிக்கவில்லை, அனுப்பவும் இல்லை.

அச்சின் கழுத்து விளிம்பில்
பழுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது.
எப்போது அறுந்ததோ.
எடுக்கலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

இன்று கேட் விழுந்தது.
இருபத்தேழு, இருபத்தெட்டு...
வண்டிக்கு அந்தப் பக்கம்,
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
வெட்டி வெட்டித் தெரிந்தாள் டெய்சிராணி,
தலையில் அலுமினியக் கூடை.
என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு
இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:
"எத்தினி?"

போச்சு எண்ணிக்கை.
விதிப்படி இன்று டீக்கடை.

ஈரத்துணியைப் பிரித்தேன்.
நனைக்கவில்லை.