ஐந்நூற்றுக்குள்

காவேரிப்பட்டணத்தில் எத்தனை டிகிரி என்று
தொலைக்காட்சி சொல்வதில்லை.
தருமபுரியைச் சொல்வார்கள், வேலூரைச் சொல்வார்கள்,
இடையில் நாங்கள் வேகிறோம்.

எனக்கு வானிலை என்றால் ஈபி அட்டைதான்.
சித்திரை வைகாசிக் கணக்கு மட்டும் பார்ப்பேன்.
வீடு கட்டிய வருடம் நூற்று எண்பத்தாறு.
ஒரு ஃபேனுக்கு இன்னொரு ஃபேன் துணைக்கு வந்த வருடம்
இருநூற்று நாற்பது.
கொரோனாவில் முந்நூற்றுப் பத்து,
அது எல்லோரும் வீட்டிலேயே கிடந்ததால் என்று தள்ளிவிடலாம்.
போன வருடம் நானூற்று எழுபது.
அதை எதனால் என்று தள்ளுவது?

ஏ.சி.யால் என்கிறாள் பூங்காவனம்.
ஏ.சி. எதனால் என்று கேட்டால்
"உங்க மகனால" என்கிறாள்.

அவன் பாவம்.
ஓசூரில் ராத்திரி ஷிப்டு,
புகை விடாத ஸ்கூட்டருக்கு போல்ட் முடுக்குகிறான்.
காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டால்
தளம் கொதிக்கிற நேரமெல்லாம் அவன் தூங்குகிற நேரம்.
உலகத்தின் சூட்டைக் குறைத்துவிட்டு வருகிறவன்
பதினெட்டில் வைத்துப் படுக்கிறான்.
'இருபத்தாறில் வை' என்று எழுதி ஒட்டினேன்.
அதன்மேல் சட்டையை மாட்டியிருக்கிறான்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன்.
ரெண்டு டிகிரி குறைந்தது என்பது என் கட்சி.
கண் கூசுகிறது என்பது எதிர்வீட்டுக் கட்சி.
சூரிய வெந்நீர்க் குழாயை
எங்கள் போர் தண்ணீர் ஆறே மாதத்தில்
உப்புக் கட்டி அடைத்துவிட்டது.
கூரைக்கு சோலார் போடச் சொல்லி வந்த பையனிடம்
மானியம் போக எவ்வளவு என்றேன்.
சொன்னான்.
மோர் கொடுத்து அனுப்பினோம்.

ஐந்நூறு யூனிட் தாண்டினால் கணக்கே வேறு.
தாண்டிய ஒன்றுக்காக
முன்னே ஓடியதற்கும் விலை ஏறும்.
அதனால் ரீடிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போதே
எங்கள் வீட்டில் விரதம்.
கிரைண்டர் கிடையாது, ஆகவே தோசை கிடையாது.
இஸ்திரி போடாத சட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன்.
கடைசி நாள் மதியம்
படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, கழித்துப் பார்த்தேன்:
நானூற்றுத் தொண்ணூற்றாறு.
விடிந்தால் கணக்கெடுக்க வருவார்.

நாலரைக்குக் காற்று.
பிறகு ஆலங்கட்டி,
தண்ணீர்த் தொட்டி மூடிமேல் யாரோ ஜல்லி கொட்டுவதுபோல.
கரண்ட் போனது.
தெருவே திட்டியது.
மீட்டரில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்புப் பொட்டு
கண்மூடியதைப் பார்த்து
நான் ஒருவன் மட்டும் சந்தோஷப்பட்டேன்.
எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏழு மணிக்குச் சாமுடி வந்தார்,
தலையில் ஈரத் துண்டு, சாக்கு இருக்குமா என்று.
மூணு ஏக்கர் தோப்பு, குத்தகை.
இன்னும் இருபது நாள் மரத்தில் நின்றிருந்தால்
கூழ் ஃபேக்டரிக்குப் போயிருக்கவேண்டிய பெங்களூரா.
"எல்லாம் கீழ கெடக்குதுங்க."
அவ்வளவுதான் சொன்னார்.

நானும் பூங்காவனமும் போனோம்.
செல்போன் வெளிச்சத்தில், சேற்றில்,
ஜில்லென்று இருந்த காய்களை
ராத்திரி ஒரு மணிவரை பொறுக்கினோம்.
அந்தக் குளிர் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.
அதையும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தால் வீடு பளிச்சென்று எரிகிறது.
கரண்ட் எப்போதோ வந்திருக்கிறது.
ஆளில்லாத அறையில்
பதினெட்டில்
ஓடிக்கொண்டிருக்கிறது ஏ.சி.,
அவன் அணைக்காமல் பஸ் ஏறியது.
போர்வை மட்டும் குளிர்ந்து கிடந்தது.

ஐந்நூற்று மூன்று.

கணக்கெடுக்க வந்தவர் அட்டையில் எழுதினார்,
குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
"இந்தத் தெருவுல பாதிப் பேரு தாண்டிட்டாங்க சார்."
ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

சாமுடி வேண்டாம் என்றும் கேட்காமல் இறக்கிவிட்டுப் போன
ஒரு சாக்குக் காய் சமையலறையில்.
அடிபட்ட இடத்தைச் செதுக்கி, கீறி, உப்பில் பிசறி
மாடியில் என் சுண்ணாம்பின்மேல் துணி விரித்துப் பரப்புகிறாள் பூங்காவனம்.
நெற்றிக்குக் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள்.
"இன்னும் நாலு நாளைக்கு
நல்லா வெயில் அடிக்கணும்."