மூன்றாவது சூடு

காணொளியில் அந்த அம்மாள் சொல்கிறாள்:
இரண்டு முறை சுட வேண்டும்,
முதலில் கட்டையாக,
பிறகு வெட்டிய துண்டுகளாக.
அவள் ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.
என் ஜன்னலுக்கு வெளியே ஏரியே இல்லை.
மூன்று மணிக்கே மேகம் இறங்கி
சுருட்டிக் கொண்டு போயிருந்தது.

பாதாம் லீ பஜாரில் வாங்கியது, கால் கிலோ.
முட்டை ஆறு.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
மடியில் வைத்தே வந்தேன்.
பதினாலாவது வளைவில் ஒன்று போனது.

பிஸ்கோட்டி என்று பெயர்.
பக்கத்து வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்து
'ரஸ்க்தானே?' என்றாள்.
ரஸ்க்தான்.
வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ரஸ்க்.

வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது.
மாவு விரலை விட்டு இறங்க மறுத்தது.
ஏதோ விதை போடச் சொன்னாள், பெயர் பிடிபடவில்லை.
படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தால்
சோம்பு மாதிரி இருந்தது.
சோம்பையே போட்டேன்.
சூடேற ஏற வீடெங்கும்
ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசம்.

ஓவன் பழசு.
மாற்றலாகிப் போன டீச்சரிடம் எழுநூறு ரூபாய்.
திருகில் எண்கள் அழிந்துவிட்டன.
உள்ளே கையை நீட்டி எண்ணுவேன்.
ஏழுக்குள் இழுத்துக்கொண்டால்
அதுதான் சூடு.

கட்டை வெந்து வெளியே வந்து
சாய்வாக வெட்டிக்கொண்டிருக்கையில்
கரண்ட் போனது.
பதினேழு துண்டுகள்.
ஓரம் வெந்து நடு ஈரமாய்
இருட்டில் படுத்திருந்தன.
ஒன்றைத் தின்று பார்த்தேன்.
கேக்கும் இல்லை பிஸ்கட்டும் இல்லை.

டார்ச்சோடு வந்தார் இன்னாசி,
சட்டையில் காப்பித் தொலி ஒட்டியிருக்க.
யாருக்கு என்று கேட்கவில்லை.
சேலத்தில் பதிவு அலுவலகத்தில்
நாங்கள் கையெழுத்துப் போட்டு ஆறு மாதம்.
தாரிகா இன்னும் மலையேறவில்லை.
ஹாஸ்டல் அஸ்தம்பட்டியில்தான்,
பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.
போனில் 'அங்க குளிருதா?' என்பாள்.
'குளிருது' என்பேன்.
அந்த வாரம் முடிந்துவிடும்.

பெங்களூரு டூர் போனபோது
ஒரு காப்பிக் கடை மேசையைப் படம் போட்டிருந்தாள்.
கோப்பை, அதன் ஓரத்தில் பாதி கடித்த ஒன்று.
பெரிதாக்கிப் பெரிதாக்கி
கடித்த இடத்தில் பாதாமைக் கண்டுபிடித்தேன்.

'தோசைக்கல்லு இருக்குல்ல' என்றார் இன்னாசி.
களத்தில் காயும் கொட்டையைக்
கடித்துப் பார்த்தே பதம் சொல்பவர்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஒவ்வொன்றாய் விரலால் புரட்டி
நகத்தால் தட்டிக் கேட்டார்.
'இது ஆச்சு. இது இன்னும் பச்சை.'
இரவு பத்து மணிக்குப் பதினாறும் ஆச்சு.

காலையில் டப்பாவைத் திறந்தால்
உள்ளேயும் மேகம்.
எடுத்த துண்டு
நனைந்த அட்டைபோல் வளைந்தது.
அந்த அம்மாளின் ஊரில் இரண்டு போதும்போல.
ஏற்காட்டுக்கு என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

கரண்ட் வந்திருந்தது.
மூன்றாவது முறை வைத்தேன்.
சூடு ஆறியதும் எவர்சில்வர் டப்பா,
அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் செய்தித்தாள்.
ஏழரை வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்து
'ஏசி கடைப் பக்கம் எங்கேயும் வைக்காதீங்க' என்றேன்.
அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.
கீழே இறங்கிவிட்டால் கவலையில்லை,
சேலத்து வெயில் பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலம் போன் முனகியது.
'பல்லு உடையுது.'
சற்றுப் பொறுத்து,
'ரூம்ல எல்லாத்தையும் காலி பண்ணிட்டாங்க.'
தட்டைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகு,
வெகுநேரம் கழித்து,
'அடுத்த தடவ சோம்பு வேணாம்.'

ஈரக் கையோடு
அதையே நாலு முறை படித்தேன்.

'என்ன சொல்றா?'
'சோம்பு வேணாமாம்.'

இன்னாசி எழுந்து போய்
சோம்பு டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து
எனக்கு எட்டாத பரணில் ஏற்றினார்.
பிறகு என்ன நினைத்தாரோ,
மறுபடி இறக்கி
ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு
மூடியை இறுக்கித் திருகி
மறுபடி ஏற்றினார்.