ரிட்டர்ன் பைப்பு

வலப்பக்கத்து டாங்க் பதினாறு வருஷம் சும்மா கிடந்தது.
பட்டை அறுந்த இடத்தில் சைக்கிள் டியூப் கட்டியிருந்தது,
யார் கட்டினார்களோ.
அழகியமண்டபத்தில் செய்யதலி அதை இறக்கினார்.
உள்ளே டீசல் இல்லை.
டீசலின் தோல் இருந்தது,
சக்கை அரக்கு மாதிரி, தொட்ட கையை விடாமல்.

ஒரு வண்டி, இரண்டு பேர்.
திங்கள் செவ்வாய் புதன் றசலுக்கு:
ரப்பர் ஷீட்டு, குலசேகரம்.
வியாழன் வெள்ளி சனி எனக்கு:
வாழைத்தார், வடசேரி.
ஞாயிறு அது சர்ச்சுக்கும் போகாமல்
மாமரத்தடியில் நிற்கும்.
கூடப்பிறந்தவர்கள் பேச்சு நின்றது
நானூற்றி எழுபது ரூபாய் டீசலில்.
நான் ஊற்றியதை அவன் ஓட்டினான் என்று நான்.
அவன் ஊற்றியதை நான் என்று அவன்.
"வண்டிக்கு ரெண்டு டாங்கு உண்டுல்லா" என்றேன்.
"இடது ஒனக்கு. வலது எனக்கு."
வரப்பு வெட்டுவது போல
அத்தனை லேசாக இருந்தது.

கைப்பிடி நட்டும் அறுந்த செயினும்
சோப்புத் தண்ணீரும் போட்டு
பையன்கள் இருவர் டாங்கை உலுக்கினார்கள்.
ஜங்ஷன் வரை கேட்டது.
ஓட்டை மூன்று.
பற்றவைக்கும் முன் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய செய்யதலி
"காலியாக் கிடக்கதுதான் வெடிக்கும்" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பழைய மிதவைக்குள் டீசல் புகுந்து
மிதக்க வேண்டியது முங்கிக் கிடந்தது.
புது மிதவை.
கோட்டாற்றிலிருந்து மூன்று வாய்ப் பித்தளை வால்வு.
சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி:
இடம் திருப்பினால் அவன், வலம் திருப்பினால் நான்.
ஊசி ஒன்றுதான்,
யார் பக்கமோ அவர் அளவைக் காட்டும்.

முதல் வாரம் இருபது லிட்டர் அடித்தேன்.
இரண்டாம் வாரம் அடிக்கவில்லை, ஊசி பாதியில் நின்றது.
மூன்றாம் வாரம்
வடசேரிக்கு மூன்று நடை போய்வந்தும்
பாதிக்கு மேல்.
புது மிதவை, எங்கேயோ உரசுகிறது
என்று எனக்கு நானே சொன்னேன்.
தட்டிப் பார்த்தேன்.
ஊசி நன்றாக அசைந்தது.
மறுபடி தட்டவில்லை.

றசல் ஃபில்டர் மாற்றினான்.
மார்த்தாண்டத்தில் நாசில் நான்கும் கழற்றிப் பார்த்தான்.
டயருக்குக் காற்று, ஏர் கிளீனருக்குத் துணி.
பிறகு ராத்திரி மாமரத்தடியில் டார்ச் அடித்தான்.
பிறகு என் மூத்தவனை
ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நான்காம் திங்கள்
திருவட்டாறு ஏற்றத்தில்
பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் கத்தி நிறுத்தினார்.
என் டாங்கின் மூடி வழியாக டீசல் ரோட்டில்.
அவன் டாங்க் அடிமட்டத்தில்.

வண்டிக்கடியில் படுத்தபடியே செய்யதலி சிரித்தார்:
"பம்பு எடுக்கதை முழுசா எரிக்காது, கேட்டியளா.
மிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.
எடுக்கப் போற வழிக்கு வால்வு போட்டேன்.
திரும்பி வாற பைப்பை
எட்டின பக்கம் குத்திட்டேன், வலதுல.
எனக்க தப்பு."

எவ்வளவு என்று கேட்டான் றசல்.
எரிந்தது, வழிந்தது, நான் ஓட்டித் தீர்த்தது.
யாராலும் தாளில் ஏற்ற முடியவில்லை.
ஆறு வாய் வால்வு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும்,
ஒரு மாதம் ஆகும்.

அவன் டீக்குப் போன நேரம்
குனிந்து சொன்னேன்:
"அண்ணே, வால்வு வாறது வரைக்கும்
அந்த பைப்ப இடதுல குத்துங்க."
"எட்டாதே."
"ஓஸு வாங்கித் தாறேன்."
ஒன்றேகால் மீட்டர். நூற்றுப் பத்து ரூபாய்.

இது இரண்டாவது வாரம்.
என் ஊசி மளமளவென்று இறங்குகிறது,
வெள்ளிக்கிழமையே பங்கில் நிற்கிறேன்.
நேற்று ராத்திரி றசல் சாவியைத் தந்தான்.
மழை வருமா என்று கேட்டான்,
வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ஏறி உட்கார்ந்தால்
மீட்டர் கண்ணாடியில், ஊசிக்கு நேரே,
ரப்பர்ப்பால் காய்ந்த
ஒற்றை விரல் தடம்.